கோரே தீவு: இருபது நிமிடப் படகும் ஒரு வாசலும்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் மேற்கு நுனியில் இருக்கிறது டக்கார், செனகல் நாட்டின் தலைநகரம். அதன் துறைமுகத்தில் இருந்து தினமும் பல தடவை ஒரு ஃபெர்ரி கிளம்புகிறது. காலையில் ஏறி, ஒரு தீவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் திரும்பிவிடலாம். தூரம் 3 கிலோமீட்டர்தான், இருபது நிமிடத்தில் கரை தெரியும். டிக்கெட் விலை எல்லோருக்கும் ஒன்றல்ல. செனகலில் வசிப்பவருக்கு ஒரு விலை, மற்ற ஆப்பிரிக்கருக்கு ஒரு விலை, வெளியில் இருந்து வருபவருக்கு ஒரு விலை. கேமராவோடு நிற்கும் வெள்ளைக்காரர், கறுப்பு அமெரிக்கக் குடும்பம், வகுப்போடு சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள், டக்கார் சந்தையில் வாங்கிய மூட்டையோடு வீட்டுக்குப் போகும் தீவுப் பெண்கள் எல்லோரும் ஒரே படகில்தான். இந்தத் தடத்தில் நீண்ட காலம் ஓடிய படகின் பெயர் 'கும்பா காஸ்டெல்'. அது தீவைக் காப்பதாக அங்குள்ளவர்கள் நம்பும் பெண் தெய்வத்தின் பெயர். நம்ம ஊர் எல்லைச்சாமி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

தீவின் பெயர் கோரே. நீளம் ஏறக்குறைய 900 மீட்டர், அகலம் 300 மீட்டர். மொத்தம் 28 ஹெக்டேர், அதாவது 70 ஏக்கர் கூட இல்லை. கார் கிடையாது, பஸ் கிடையாது. காவி, மஞ்சள், இளஞ்சிவப்பு பூசிய பழைய வீடுகள், சுவரில் படர்ந்த காகிதப்பூச் செடிகள், மணலை ஒட்டி ஓவியம் செய்து விற்கும் கலைஞர்கள். முதல் பார்வைக்கு ஓய்வெடுக்க ஏற்ற அழகான இடம். ஆனால் வருபவர்களில் பெரும்பாலானோர் அழகுக்காக வருவதில்லை. அவர்கள் ஒரு வாசலைப் பார்க்க வருகிறார்கள்.

வாசலின் கதை

படகுத்துறையில் இருந்து சில நிமிட நடையில் 'அடிமைகளின் வீடு' என்ற கட்டடம் வரும். உள்ளே ஒரு முற்றம். இரண்டு பக்கமும் வளைந்து ஏறும் இரட்டைப் படிக்கட்டு. மேலே காற்றோட்டமான பெரிய அறைகள். கீழே தாழ்ந்த, இருட்டான சிறு அறைகள். ஆண்கள், பெண்கள், குழந்தைகள், அடங்காதவர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். படிக்கட்டுக்கு அடியில் ஒரு பொந்து. இந்த அறைகளுக்கு நடுவே ஓடும் நடைவழியின் கடைசியில் ஒரு வாசல் இருக்கிறது. கதவு இல்லை. வாசலுக்கு அந்தப் பக்கம் அட்லாண்டிக் கடல்.

'திரும்பி வராதவர்களின் வாசல்' என்று இதற்குப் பெயர். சங்கிலியில் பிணைத்த மனிதர்களை இந்த வாசல் வழியாகத்தான் கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள் என்பது கதை. இதை உலகம் முழுவதற்கும் சொன்னவர் ஜோசப் என்ஜாய். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். 1960களில் இருந்து 2009இல் இறக்கும் வரை இந்த வீட்டின் காப்பாளராக இருந்தார். பேச்சில் வல்லவர். நெடுங்காலம் முற்றத்தில் நின்று, கையில் சங்கிலியைத் தூக்கிக் காட்டி, ஒவ்வொரு அறைக்கும் ஒரு கதை சொல்வார். எடை குறைந்த ஆண்களைத் தீனி போட்டுக் கொழுக்க வைத்த அறை இது, தாயையும் பிள்ளையையும் பிரித்த இடம் இது என்று. கேட்டவர்கள் அழுதார்கள். இந்த வாசல் வழியாக ஒன்றரைக் கோடி முதல் இரண்டு கோடி பேர் வரை போனார்கள் என்று அவர் சொல்வதுண்டு.

கதையின் பலம் சாதாரணமானது அல்ல. 1978இல் யுனெஸ்கோ முதன்முதலாக உலகப் பாரம்பரியப் பட்டியலை வெளியிட்டபோது அதில் இருந்தது மொத்தம் 12 இடங்கள்தான். அதில் கோரே ஒன்று. 1991இல் மண்டேலா வந்தார். 1992 பிப்ரவரியில் போப் இரண்டாம் ஜான் பால் வந்து, கிறிஸ்தவர்கள் செய்த பாவத்துக்காக மன்னிப்புக் கேட்டார். 1998இல் கிளின்டன், 2003இல் புஷ், 2013இல் ஒபாமா என மூன்று அமெரிக்க ஜனாதிபதிகள் வந்து போனார்கள். (புஷ் வந்த அன்று பாதுகாப்புக்காகத் தீவுவாசிகளைக் காலையிலேயே வீடுகளில் இருந்து வெளியேற்றி விளையாட்டு மைதானத்தில் மணிக்கணக்கில் அடைத்து வைத்ததாகச் செய்திகள் வந்தன. அடிமைத்தனத்தைக் கண்டித்துப் பேசுவதற்காக அப்படி ஓர் ஏற்பாடு!)

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

கணக்கு இடிக்கிறது

அட்லாண்டிக் அடிமை வணிகத்தின் கப்பல் பதிவுகளை வரலாற்று ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகத் தேடித் தொகுத்து வருகிறார்கள். முப்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல் பயணங்கள் அந்தத் தொகுப்பில் இருக்கின்றன. எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், எத்தனை பேரை ஏற்றியது, எத்தனை பேரை உயிரோடு இறக்கியது என்று. விட்டுப்போன பயணங்களையும் மதிப்பிட்டுச் சேர்த்தால், ஆப்பிரிக்காவில் கப்பல் ஏற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய 1 கோடியே 25 லட்சம். மறுகரையில் உயிரோடு இறங்கியவர்கள் 1 கோடியே 7 லட்சம். நடுவில் காணாமல் போன 18 லட்சம் பேரும் நடுக்கடலில் செத்தவர்கள்.

இப்போது என்ஜாய் சொன்ன எண்ணை மறுபடி பாருங்கள். முந்நூற்றைம்பது ஆண்டுகளில், முழு ஆப்பிரிக்கக் கடற்கரையில் இருந்தும் அமெரிக்காவுக்குப் போனவர்களை விட அதிகமானவர்கள் ஒரே ஒரு வீட்டின் ஒரே ஒரு வாசல் வழியாகப் போனதாக ஆகிறது. நடக்கிற காரியமா?

பதிவுகள் காட்டும் படம் வேறு. அடிமை வணிகத்தின் பெரிய துறைமுகங்கள் இன்னும் தெற்கே இருந்தன. இன்றைய அங்கோலா, காங்கோ கடற்கரைகளில் இருந்து மட்டும் 50 லட்சத்துக்கு மேல். இன்றைய பெனின், நைஜீரியா, கானா கரைகளில் இருந்து பல லட்சங்கள். செனகல், காம்பியா நதிகளை ஒட்டிய பகுதி முழுவதற்கும் சேர்த்தே சுமார் ஏழரை லட்சம், மொத்தத்தில் 6 சதவீதம். அதிலும் கோரே என்று பெயர் குறித்துப் பதிவானவர்கள் ஏறக்குறைய 33,000 பேர். துறைமுகத்தின் பெயர் குறிக்காத கப்பல்களும் இருப்பதால் இது கொஞ்சம் கூடலாம். ஆனால் கோடிக்கெல்லாம் வாய்ப்பே இல்லை. பிலிப் கர்ட்டின் என்ற அமெரிக்க வரலாற்று அறிஞர், அடிமைகளின் எண்ணிக்கையைக் கணக்கிடுவதையே ஒரு துறையாக்கியவர், 1995இல் இதை வெளிப்படையாகவே சொன்னார். 18ஆம் நூற்றாண்டில் கோரே வழியாக ஆண்டுக்குச் சில நூறு பேர்தான் போயிருப்பார்கள் என்பது அவர் கணிப்பு.

வாசலிலும் பிரச்னை. அதற்கு வெளியே இருப்பது பாறை. அந்த இடத்தில் கப்பல் நெருங்க முடியாது, படகு கூடப் பாதுகாப்பாக ஒதுங்குவது கஷ்டம். இன்று ஃபெர்ரி ஒதுங்குகிறதே, அந்தச் சின்ன வளைகுடாதான் அன்றும் இயற்கையான துறை. மணல் கரை பக்கத்திலேயே இருக்கும்போது ஆட்களைப் பாறையில் இறக்குவானேன்? விற்பனைக்கான அடிமைகளை அடைத்து வைக்கக் கோட்டையை ஒட்டித் தனியாகச் சிறைக்கூடம் இருந்தது. வீடு கட்டப்பட்டது 1770களின் இறுதியிலோ 1780களின் தொடக்கத்திலோ. டச்சுக்காரர்கள் கட்டியது என்று சொல்லப்பட்டதும் தப்பு. அப்போது தீவு டச்சுக்காரர் கையை விட்டுப் போய் நூறு ஆண்டு ஆகியிருந்தது.

முக்கியமான விஷயம், இதைச் சொன்னவர்கள் வெளிநாட்டுக்காரர்கள் மட்டும் அல்ல. டக்காரிலேயே இருக்கும் ஆப்பிரிக்க ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த அப்துலாயே கமரா போன்ற வரலாற்று ஆய்வாளர்களும் சொன்னார்கள். 1996இல் ல மோந்த் பத்திரிகையில் இது பெரிய கட்டுரையாக வந்தது. செனகலில் கோபம் கிளம்பியது. கோபத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஐரோப்பாவில் யூதப் படுகொலை நடக்கவே இல்லை என்று வாதாடும் கூட்டம் ஒன்று அப்போது பிரான்சில் சத்தம் போட்டுக்கொண்டிருந்த காலம். "கோரே கட்டுக்கதை" என்று ஒரு வரி வெளியானால் அதை "அடிமை வணிகமே கட்டுக்கதை" என்று திருப்ப ஆள் இருந்தார்கள். அடுத்த ஆண்டே அந்த ஆய்வு நிறுவனம் அறிஞர்களைக் கூட்டிக் கருத்தரங்கு நடத்தி, கட்டுக்கதை எது, உண்மை எது என்று ஒரு நூலாகவே வெளியிட்டது.

எண்ணைக் குறைத்துச் சொல்வதால் குற்றம் குறைந்துவிடுமா? 33,000 என்பது இன்று தீவில் வசிக்கும் மொத்த மக்களைப் போல ஏறக்குறைய இருபது மடங்கு. அதில் ஒவ்வொருவருக்கும் ஓர் ஊர், ஒரு பெயர், தேடி அழுத ஒரு தாய் இருந்திருக்கிறாள். அந்த எண்ணே போதும். கோடியாக்கிச் சொல்லும்போது, பொய் என்று ஒருவன் கை நீட்டிக் காட்ட நாமே இடம் கொடுத்துவிடுகிறோம்.

அப்படியானால் அது யார் வீடு?

கோரேயின் உண்மைக் கதை இங்கேதான் இருக்கிறது. வாசல் கதையில் இது மறைந்தே போனது.

1444இல் போர்த்துகீசியர் இந்தத் தீவுக்கு வந்தார்கள். பிறகு டச்சுக்காரர், நடுவில் ஆங்கிலேயர், 1677இல் பிரெஞ்சுக்காரர். வந்த ஐரோப்பியர்களுக்கு நோயும் வெயிலும் ஒத்துக்கொள்ளவில்லை, கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். மனைவியைக் கூட்டி வருவதற்கும் கம்பெனி அனுமதி இல்லை. அதனால் உள்ளூர்ப் பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள். ஊர் வழக்கப்படி சீர் செய்து, விருந்து வைத்து நடக்கும் கல்யாணம் அது. கணவன் பணி முடிந்து பிரான்சுக்குக் கப்பல் ஏறினாலோ, காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாலோ உறவு முடிந்தது. வீடும் சொத்தும் பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும். இப்படிப் பணக்காரிகளான பெண்களுக்கு 'சிஞ்ஞார்' என்று பெயர். சீமாட்டி என்று பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லில் இருந்து வந்தது.

கூம்பு போல உயர்ந்த தலைக்கட்டு, தங்க நகை, மஸ்லின் உடை என்று வந்த பயணிகள் எல்லாம் இவர்களை வர்ணித்து எழுதியிருக்கிறார்கள். ஆன் பெப்பான் என்ற சிஞ்ஞார், 1780களில் செனகல் கவர்னராக இருந்த பூஃப்ளேரின் காதலியாக இருந்தவர். இன்று 'அடிமைகளின் வீடு' என்று சொல்லப்படும் கட்டடத்தைக் கட்டியது அவருடைய தம்பியோ அண்ணனோ, ஒரு சகோதரர், நிக்கோலா பெப்பான். பிறகு அது நிக்கோலாவின் மகள் அன்னா கொலாஸ் கைக்கு வந்தது. 1839இல் தாஸ்த்ரெல் என்ற பிரெஞ்சு ஓவியர் அன்னா கொலாஸின் வீட்டை வரைந்து வைத்திருக்கிறார். இரட்டைப் படிக்கட்டைப் பார்த்தாலே இது எந்த வீடு என்று தெரிந்துவிடும்.

அப்படியானால் கீழே இருந்த அந்த இருட்டு அறைகள்? சரக்கு வைக்கும் கிடங்குகளாக இருந்திருக்கலாம். கூடவே வீட்டு அடிமைகள் படுத்துக் கிடந்த இடமும் அதுதான். சிஞ்ஞார்களின் செல்வத்தின் அடிப்படையே அடிமைகள். தானியம் இடிக்க, துணி துவைக்க, தண்ணீர் சுமக்க, படகு ஓட்ட, கல் செதுக்க, தச்சு வேலை பார்க்க எல்லாவற்றுக்கும் அடிமைகள். கம்பெனிக்கும் கப்பல்களுக்கும் அவர்களை வாடகைக்கு விட்டுக் கூலியை எஜமானி வாங்கிக்கொள்வாள். 18ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் தீவு மக்களில் பாதிக்கு மேல் அடிமைகள்!

பிரெஞ்சுப் பதிவுகளிலேயே இரண்டு வகைச் சொற்கள் வருகின்றன. வீட்டு அடிமை, விற்பனை அடிமை. வீட்டில் பிறந்து வளர்ந்தவரை விற்பது வழக்கம் இல்லை, அது கௌரவக் குறைவு. தப்பு செய்தால் "விற்றுவிடுவேன்" என்ற மிரட்டல் மட்டும் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டே இருக்கும். ஜன்னலைத் திறந்தால் கப்பல் தெரிகிற தீவில் அந்த மிரட்டலுக்கு எவ்வளவு கனம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மேல்மாடியில் விருந்தும் நடனமும், அதே சமயம் கீழே தரையில் படுத்திருப்பவர்கள். மேலே இருந்த பெண்ணின் பாட்டியே ஒரு காலத்தில் அடிமையாக இருந்திருக்கவும் கூடும்.

பார்க்கப் போனால் வாசல் கதையை விட இது சங்கடமான கதை. வாசல் கதையில் கெட்டவன் கப்பலில் வந்தவன், நல்லவன் சங்கிலியில் இருப்பவன், அவ்வளவுதான். வீட்டுக் கதையில் எஜமானி கறுப்பும் வெள்ளையும் கலந்த உள்ளூர்ப் பெண். உள்நாட்டில் ஆட்களைப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்து விற்ற அரசர்களும் வணிகர்களும் ஆப்பிரிக்கர்கள். வாங்க ஆளும் சரக்கும் கப்பலும் இல்லாமல் அந்தச் சந்தை அவ்வளவு பெரிதாகியிருக்காது என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்கத் தேவையில்லை.

நீலத் துணி

சரக்கு என்று சொன்னதும் நம்ம ஊருக்கு வர வேண்டியிருக்கிறது.

ஏழாண்டுப் போரில் ஆங்கிலேயர் 1758 டிசம்பரில் கோரேயைப் பிடித்தார்கள். 1761 ஜனவரியில் அதே போரில் புதுச்சேரியைப் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். 1763 பாரிஸ் ஒப்பந்தத்தில் இரண்டையும் பிரான்சுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். நெப்போலியன் சண்டைகளின்போது மறுபடியும் இரண்டும் ஆங்கிலேயர் கையில். அது முடிந்ததும் புதுச்சேரி 1816இலும் கோரே 1817இலும் திரும்பின. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருந்தாலும் ஒரே சதுரங்கப் பலகையின் இரண்டு காய்கள். போருக்கு முன்பு இரண்டையும் நிர்வகித்ததும் ஒரே பிரெஞ்சுக் கம்பெனிதான்.

இரண்டையும் இணைத்த பொருள் ஒன்று உண்டு. அவுரிச் சாயத்தில் முக்கிய நீலப் பருத்தித் துணி. சோழமண்டலக் கரையில் தமிழ் நெசவாளர்கள் நெய்து, சாயக்காரர்கள் முக்கி, பளபளப்பு ஏற்றி, புதுச்சேரியில் கப்பல் ஏறி பிரான்ஸ் போய், அங்கிருந்து செனகலுக்குப் போகும். ஆப்பிரிக்காவின் கினி கரைக்குப் போகும் துணி என்பதால் பிரெஞ்சுக்காரர் அதற்கு வைத்த பெயரே 'கினே'. 18ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களை வாங்கக் கொடுத்த சரக்குகளில் இரும்பு, துப்பாக்கி, பிராந்தி ஆகியவற்றோடு இந்தியத் துணிக்கு முக்கிய இடம் இருந்தது. செனகல் நதிக்கரையில் கருவேல இனத்து மரங்களில் இருந்து எடுக்கும் பிசினை வாங்கவும் இதே துணிதான். 19ஆம் நூற்றாண்டில் அங்கே நீலத் துணி பணமாகவே புழங்கியது. பொருளுக்கு விலை எத்தனை துணி என்று பேசுவார்கள். பிரான்சில் இதைப் போலி செய்து பார்த்தார்கள், எடுபடவில்லை. பாலைவனத்து வியாபாரிகள் நிறத்தையும் மினுமினுப்பையும் பார்ப்பார்கள், மோந்தும் பார்ப்பார்கள். புதுச்சேரித் துணி இல்லை என்றால் தள்ளிவிடுவார்கள்.

தறியில் உட்கார்ந்திருந்தவருக்குத் தன் துணி எங்கே போகிறது, எதற்கு விலையாகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை. அவருக்குக் கிடைத்த கூலியும் அற்பம். ஆனால் கோரேயைப் பற்றிப் படிக்கும்போது அது எங்கோ யாருக்கோ நடந்தது என்று ஒதுங்கி நிற்க முடியாமல் செய்வது இந்தத் துணி.

துணி மட்டுமா? புதுச்சேரிக் கரையில் இருந்து ஆட்களும் போனார்கள், மொரீஷியஸ், ரீயூனியன் தீவுகளுக்கு, அடிமைகளாக. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1740களில் ஊர் ஊராக ஆட்களை ஏமாற்றிப் பிடித்துவந்து அடைத்து வைத்து, இரவோடு இரவாகக் கப்பல் ஏற்றிய கும்பல் பற்றிய பதிவு இருக்கிறது. அந்த மனிதர்களுக்கு நம்ம கடற்கரையில் ஒரு வாசல் கூட, பொய்யாகவாவது, யாரும் வைக்கவில்லை.

1848க்குப் பிறகு

பிரான்ஸ் தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்த ஆணை 1848 ஏப்ரல் 27 தேதியிட்டது. கோரேயின் அடிமைகள் விடுதலை ஆனார்கள். அடுத்த ஆண்டே நஷ்டஈடு கொடுக்கச் சட்டம் வந்தது. யாருக்கு? அடிமைகளை இழந்த எஜமானர்களுக்கு! விடுதலை பெற்றவர்களுக்குக் காலணா கிடையாது.

சிஞ்ஞார்களின் காலம் அதோடு சரிய ஆரம்பித்தது. 1857இல் எதிர்க்கரையில் டக்கார் நகரத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கினார்கள். வேர்க்கடலை ஏற்றுமதி, ரயில், பெரிய துறைமுகம் எல்லாம் அங்கே போயின. கோரேயில் ஊற்று கிடையாது, குடிநீருக்கு மழைத்தண்ணீர்த் தொட்டிகளையே நம்பிய காலம் அது. வசதி உள்ளவர்கள் ஒவ்வொருவராக டக்காருக்குக் குடிபெயர்ந்தார்கள். ஒரு வகையில் அதுதான் தீவைக் காப்பாற்றியது. பணம் இருந்திருந்தால் பழைய வீடுகளை எல்லாம் இடித்துக் கட்டியிருப்பார்கள்.

அரசியலில் மட்டும் தீவின் பெயர் நிலைத்தது. கோரே உட்பட நான்கு ஊர்களில் பிறந்தவர்களுக்குப் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்பும் உரிமை இருந்தது (அதே உரிமை பிரெஞ்சிந்தியாவுக்கும் இருந்தது). 1872இல் கோரேயில் பிறந்த பிளேஸ் ஜாஞ் 1914இல் ஜெயித்து, அந்த நாடாளுமன்றத்தில் நுழைந்த முதல் கறுப்பு ஆப்பிரிக்கர் ஆனார். இவரைப் பற்றியும் ஒரே குரலில் பேச முடியாது. முதல் உலகப் போரின் கடைசி ஆண்டில் பிரான்சுக்காக மேற்கு ஆப்பிரிக்காவில் சுற்றி, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் படையில் சேர்த்தவரும் இவரே. தீவில் இருந்த வில்லியம் போந்தி ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்தவர்களில் ஐவரி கோஸ்ட்டின் முதல் ஜனாதிபதி ஊஃபுவே புவானியும், மாலியின் முதல் ஜனாதிபதி மொதிபோ கெய்த்தாவும் உண்டு. 70 ஏக்கருக்குள் இத்தனையும்!

தீவுக்காரர்கள் தங்கள் வரலாற்றை இன்னும் திருத்தி எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2020இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ் முழங்காலின் கீழ் உயிர்விட்ட பிறகு, கோரே நகராட்சி கூடி, தீவில் இருந்த 'ஐரோப்பா சதுக்கத்தின்' பெயரை மாற்றியது. இப்போது அது 'சுதந்திரம் மற்றும் மனித மாண்புச் சதுக்கம்'.

போகிறவர்களுக்கு

ஒரு நாள் பயணமாக வருபவர்கள் பொதுவாகச் செய்வது இதுதான். படகில் இருந்து இறங்கி நேராக அடிமைகளின் வீடு. வாசலில் நின்று கடலைப் பார்த்து ஒரு போட்டோ. மீன் சாப்பாடு. அடுத்த படகு. வாசலில் நின்று அழும் கறுப்பு அமெரிக்கரைப் பார்த்து "இது உண்மையான வாசல் இல்லையாமே" என்று சொல்ல யாருக்கும் வாய் வராது, சொல்லவும் தேவையில்லை. தன் முன்னோர் எந்தக் கரையில் கப்பல் ஏறினார்கள் என்று அவருக்கு எந்தக் காகிதமும் இல்லை. அழுவதற்கு ஓர் இடம் வேண்டும். என்ஜாய் அதைக் கொடுத்தார். பேராசிரியர்களின் அட்டவணையால் அதைக் கொடுத்திருக்க முடியாது.

ஆனால் தீவின் வடக்கு முனையில், படகு உள்ளே நுழையும்போதே கண்ணில் படுகிற வட்டமான கோட்டை ஒன்று இருக்கிறது. தேஸ்த்ரே கோட்டை, 1850களில் கட்டியது. அதற்குள்தான் செனகல் வரலாற்று அருங்காட்சியகம். கற்காலத்தில் ஆரம்பித்து அரசுகள், இஸ்லாம் வந்த கதை, அடிமை வணிகம், காலனி ஆட்சி, விடுதலை வரை அறை அறையாக வைத்திருக்கிறார்கள். அங்கே கூட்டமே இருப்பதில்லை.

முதலில் அங்கே போய்விட்டு, பிறகு வீட்டுக்கு வருவது நல்லது. வந்ததும் நேரே வாசலுக்குப் போகாமல், படிக்கட்டில் ஏறி மேல்மாடிக்குப் போக வேண்டும். பெரிய ஜன்னல்கள், நல்ல கடல்காற்று. அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அதே படிக்கட்டில் இறங்கி, நேர் கீழே இருக்கும் அறைக்குள் குனிந்து நுழைந்து பார்க்கலாம். மேலே நடக்கிறவர்களின் காலடிச் சத்தம் கேட்கும்.